மாவுக் கை

ஆப்பம் சுடுகிறவளுக்கு இரண்டு கை போதாது. ஒரு கை கரண்டியில் மாவை அள்ளி ஊற்றும்போதே இன்னொரு கை சட்டியின் காதைப் பிடித்துச் சுழற்ற வேண்டும். இந்தச் சட்டியில் ஓரம் முறுகி வருவதற்குள் அடுத்த சட்டியின் மூடியைத் திறந்தாக வேண்டும். நடுவில் கைப்பேசி அடித்தால் யார் எடுப்பது? ஜெலுத்தோங் பாசார் என்கிற சந்தைக்குப் பின்பக்கச் சந்தில் கடை போட்டிருந்த ஜெயலெட்சுமிக்கு அந்தக் கவலையே இருந்ததில்லை. பக்கத்துக் கடையில் மலாய்க்காரி காமாரியா இருந்தாள். வாழைப்பழம் பொரிக்கிற எண்ணெய்ச் சட்டியை விட்டு ஓர் எட்டு நகர்ந்து, துண்டில் விரலைத் துடைத்து, ஜெயலெட்சுமியின் கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டு, முட்டைத் தட்டின்மேல் சாய்த்து வைத்துவிட்டுப் போவாள்.

அதனால் ஜெயலெட்சுமி வீட்டு ரகசியம் என்று அந்தச் சந்தில் எதுவும் கிடையாது. அவள் வீட்டுக்காரர் பழனியப்பனுக்கு முட்டி வலி என்று கிளினிக்குப் பெண் சொன்னதும், நிபோங் திபாலில் இருக்கிற மகள் மாமியாரோடு சண்டை போட்டதும் எல்லோர் காதிலும் விழுந்ததுதான். ஆனால், செல்லங்களா, விழுந்ததை யாரும் காட்டிக்கொள்ள மாட்டார்கள். வடைக்கார சுகுமாரன் கூட, ஊர் வம்புக்கு வாயைப் பிளக்கிற ஆள், ஸ்பீக்கரில் கேட்டதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசமாட்டான். கேட்டாலும் கேட்காத மாதிரி இருப்பது அந்தச் சந்தின் மரியாதை.

அந்தக் கைப்பேசியில் அடிக்கடி வருகிற குரல் ஒன்று இருந்தது. ஜெயலெட்சுமியின் தம்பி புவனேஸ்வரன். நாட்டின் நிதியமைச்சர்.

ஆமாம், அதே ஆப்பக்கடையில் பிறந்து வளர்ந்த பிள்ளைதான். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அம்மா இதே சந்தில் கரி அடுப்பில் ஆப்பம் சுட்டாள். தமிழ்ப் பள்ளியில் முதலாவதாக வந்தவனைப் பட்டணத்துப் பெரிய பள்ளியில் சேர்த்தார்கள். மாவு கரைக்க ஆள் வேண்டும் என்று ஜெயலெட்சுமியின் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. யாரும் அவளை நிற்கச் சொல்லவில்லை. அவளாகவே ஒரு நாள் புத்தகப் பையை ஆணியில் மாட்டினாள்.

பட்டணத்துப் பள்ளிக்கூடச் சிநேகிதர்கள் ஒருமுறை காரில் வந்து ஆப்பம் வாங்கினார்கள். உள்ளே புவனேஸ்வரனும் இருந்தான். கடைக்காரியின் முகச்சாயல் அவனுக்கும் இருப்பதைப் பார்த்து ஒருவன், "ஒன் சொந்தக்காரங்களா?" என்று கேட்டான். புவனேஸ்வரன் பதில் சொல்லாமல் அக்காவைப் பார்த்தான். கழுத்தை உள்ளுக்கு இழுத்துக்கொண்டு, கண் மட்டும் மேலே தூக்கி, ஒரு பார்வை. "இல்ல தம்பி, நம்ம பழைய கஸ்டமரு," என்றாள் ஜெயலெட்சுமி. அவளுக்குப் பதினான்கு வயதிருக்கும். அன்று வீட்டுக்கு வந்து அவன் அக்காவின் மடியில் படுத்து வெகுநேரம் அழுதான். அம்மாவுக்கு அது கடைசிவரை தெரியாது.

அப்புறம் கோலாலம்பூர்ப் பல்கலைக்கழகம். அப்புறம் இங்கிலாந்து. அங்கே அவன் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ந்தது வேறு எதையும் இல்லை, கூலி வேலை செய்கிற குடும்பங்கள் காலைச் சாப்பாட்டை எப்படிச் சமாளிக்கின்றன என்பதை. திரும்பி வந்து தேசிய வங்கியில் வேலை, வெளிநாட்டு வங்கியில் ஆலோசகர், பேராசிரியர். பத்திரிகையில் வாரா வாரம் கட்டுரை. மானியம் என்ற பெயரில் அரசாங்கம் கொடுப்பதில் பாதி பணக்காரன் வீட்டுக்குத்தான் போகிறது என்று எழுதி எழுதியே பெயர் வாங்கினான். செனட்டர் ஆனான், துணையமைச்சர் ஆனான், இப்போது இது. ஒவ்வொரு படிக்கும் அம்மாவின் வேண்டுதல் ஒன்று உண்டு: தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் வரும்போது அவன் கையால் தேங்காய் உடைக்க வேண்டும். பள்ளிப் பரீட்சைக்குக் கூடையில் வந்த தேங்காய் பிறகு மூட்டையாகி, இப்போது ரோட்டோரக் குவியலாக ஆகியிருந்தது. அம்மா போன பிறகு தேங்காய் எடுப்பது ஜெயலெட்சுமியின் வேலை.

"தேங்கா ஒடைக்கிறது வீண்செலவுன்னு பேப்பர்ல எழுதினவன்தானே ஒன் தம்பி," என்பார் பழனியப்பன். "கேமரா வந்தோன்ன வேட்டிய மடிச்சிக் கட்டறதப் பாரேன்."

"அது எழுதி எத்தன வருஷம் ஆச்சு. வாய வச்சிக்கிட்டு சும்மா இருங்க."

சந்து முழுக்க அவளை மந்திரி அக்கா என்றுதான் கூப்பிட்டது. பிடிக்காத மாதிரி முகத்தைச் சுளிப்பாள். பிடிக்கும்.

*

அக்டோபர் மழையில்தான் அந்தப் பேச்சு கிளம்பியது. சமையல் கேஸ் தோம்புக்கு, அதாவது சிலிண்டருக்கு, அரசாங்கம் கொடுக்கிற மானியத்தை அங்காடிக்காரர்களுக்கு நிறுத்தப் போகிறார்கள் என்று வாட்ஸப்பில் சுற்றியது. சுகுமாரன் அங்காடிக்காரர் சங்கத் தலைவன். 'எங்கள் அடுப்பை அணைக்காதே' என்று பெரிய எழுத்தில் பேனர் அடித்து வைத்துவிட்டான். பட்ஜெட்டுக்கு முன்னால் எல்லா பாசார்க்காரர்களும் கொம்தார் அரசாங்கக் கட்டடத்துக்கு முன் போய் நிற்பதாக ஏற்பாடு.

காமாரியாவுக்கு வேறொரு யோசனை இருந்தது. தாசேக் கெலுகோரில் இருக்கும் அவள் தங்கை நோர்மா, ஒரு பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையைச் சேர்ந்து எடுக்கலாம் வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அங்கே அடுப்பெல்லாம் மின்சாரம். ஆனால் இந்தச் சந்தை விட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை. புருஷன் போட்ட கடை.

அந்த வாரத்தில் ஒரு காலை கைப்பேசி அடித்தது. காமாரியா விரலைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, சாப்டியா?"

"கடையில நின்னுக்கிட்டு சாப்பாடு எங்க. நீ சாப்டியாடா? டிவில பாத்தேன், கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு."

"பட்ஜெட் வேலக்கா. தூக்கமே இல்ல."

"டேய், அதத்தான் கேக்கணும்னு இருந்தேன். கேஸ் தோம்பு சப்சிடிய எடுக்கப் போறாங்களாமே. இங்க எல்லாரும் பயந்துபோய்க் கெடக்கறாங்க. சுகுமாரன் பேனரெல்லாம் அடிச்சி வச்சிட்டான். நெசமாடா?"

அந்தப் பக்கம் ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரத்துக்குச் சத்தம் இல்லை. எண்ணெய்ச் சட்டி மட்டும் பொரிந்தது.

"அதெல்லாம் ஒன்னும் ஆவாதுக்கா. நீ ஒன் வேலயப் பாரு. நான் இருக்கேன்ல."

"இந்தக் காமாரியா வேற கடய விட்டுப் போவட்டுமா வேணாமான்னு நிக்கறா..."

"காக் காமாரியாவா? பக்கத்துல இருக்காங்களா?" அவன் குரல் மலாய்க்கு மாறியது. "காக், தாக் அட அப-அப. ஜங்கான் ரிசாவ்லா." ஒன்றுமில்லை அக்கா, கவலைப்படாதீர்கள் என்றான்.

காமாரியா வாழைப்பழத்தைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். "மந்திரி என்கிட்ட பேசிட்டாருலா காக்!" என்றாள். அவளுக்குப் பாசார்த் தமிழ் நன்றாக வரும். ஜெயலெட்சுமிக்குப் பாசார் மலாய். முப்பது வருஷமாக இரண்டையும் பிசைந்துதான் இருவரும் பேசிக்கொள்கிறார்கள். அன்று மத்தியானமே காமாரியா தங்கைக்குப் போன் போட்டு, வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

ஜெயலெட்சுமி கையைக் கழுவிக்கொண்டு சுகுமாரனிடம் போனாள். ஸ்பீக்கரில் கேட்டதைச் சந்து தானாகப் பேசாது. அவள் வாயால் சொன்னால்தான் அது பேச்சு.

"தம்பிகிட்ட கேட்டுட்டேன் சுகுமாரா. ஒன்னும் ஆவாதாம்."

"நெசமாவாக்கா?"

"பின்ன, என்கிட்டயா பொய் சொல்லுவான்?"

"அது சரி. சொந்த அக்காகிட்ட எவன் பொய் சொல்லுவான்." அவன் அப்படியே பேனரைப் பார்த்தான். "காசு குடுத்து அடிச்சது. வீணாக்கக் கூடாதுலா." எழுத்து உள்பக்கம் வருகிற மாதிரித் திருப்பி, வடைக்கடைக்கு மழைக்கூரையாகக் கட்டிவிட்டான்.

*

பட்ஜெட் நாள் சாயங்காலம் எல்லோரும் காப்பிக்கடைத் தொலைக்காட்சிக்கு முன் கூடினார்கள். ஜெயலெட்சுமிக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள். புவனேஸ்வரன் கறுப்புக் கோட்டில் நின்று நல்ல மலாயில் பேசினான். "நான் ஓர் ஆப்பக்காரியின் மகன்," என்று அவன் சொன்னபோது சந்தே கை தட்டியது. ஜெயலெட்சுமி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

அடுத்த பக்கத்தைப் புரட்டி அவன் படித்தான். வீட்டுக்கென்று மானியத்தில் கொடுக்கிற தோம்புகளைப் பெரிய உணவகங்கள் வாங்கிக் குவிக்கின்றன, எல்லை தாண்டியும் போகின்றன. அதனால் புத்தாண்டு முதல் வியாபாரத்துக்கு மானியத் தோம்பு கிடையாது. உரிமம் உள்ள சிறு வியாபாரிகளுக்கு அட்டையில் உதவி வரும்.

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் ஜெயலெட்சுமி தாங்கியிருப்பாள். நாற்காலிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் நகர்கிற சத்தம்தான் கேட்டது. சுகுமாரன் கடைக்குப் போய் அடுப்பை அணைத்தான். மழையில் அந்தக் கூரையின் கீழே நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தால் உள்பக்கத்து எழுத்து தெரிந்தது.

காமாரியாவின் உரிமம் இறந்துபோன புருஷன் பெயரில் இருந்தது. அட்டை வராது. மறுநாள் நோர்மாவுக்குப் போன் போட்டாள். சிற்றுண்டிச்சாலை வேறொருத்திக்குப் போய்விட்டது. "பரவால்லலா," என்று ஜெயலெட்சுமியிடம் சொன்னாள். "ரெசெக்கி. ஆண்டவன் எழுதினது." புது வருஷத்தில் அவள் கரி அடுப்புக்கு மாறினாள். புகையில் கண் சிவந்து நீர் வடிய வாழைப்பழம் பொரித்தாள். அப்போதும் ஜெயலெட்சுமியின் கைப்பேசி அடித்தால் விரலைத் துடைத்துக்கொண்டு வருவாள். தம்பியின் குரல்தான் வரவில்லை.

யாரும் முகம் திருப்பவில்லை. காலையில் "அக்கா, பசியாறியாச்சா?" என்று கேட்டார்கள். ஆனால் மந்திரி அக்கா என்ற சொல் ஒரே நாளில் மறைந்தது. ஒரு தடவை புதிதாக வந்த பையன் ஒருவன் அப்படிக் கூப்பிட, சுகுமாரன் அவன் காலை மிதிப்பதை ஜெயலெட்சுமி பார்த்துவிட்டாள். சட்டியைச் சுழற்றிய கை நின்றுபோனது.

வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துப் பழனியப்பன் சொன்னார்: "நீ என்ன மந்திரிசபையா? அவன் சொன்னதச் சொன்ன. முடிஞ்சிபோச்சு."

"அவன் சொன்னான்னு யாரு நம்புனா? நான் சொன்னேன்னுதானே நம்புனாங்க."

"அப்ப போன் போட்டு நாலு வார்த்த கேளு."

"போன்ல வேணாம். தைப்பூசத்துக்கு வருவான்ல. எல்லாருக்கும் முன்னால ஒரே ஒரு வார்த்த சொல்லட்டும். அக்கா பொய் சொல்லல, நான்தான் சொன்னேன்னு. சப்சிடியத் திருப்பிக் குடுன்னா கேக்கறேன்? அந்த ஒரு வார்த்த போதும்."

"சொல்லுவானா?"

ஜெயலெட்சுமி சோற்றை உருட்டினாள். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

*

தைப்பூசத்துக்கு முதல் நாள் டத்தோ கிராமட் ரோட்டில் வெயில் தாரை இளக்கிக்கொண்டிருந்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் தேங்காய்க் குவியல். சீனக் குடும்பங்கள் ஊதுபத்தி ஏற்றி, பிள்ளைகுட்டிகளோடு தங்கள் குவியலுக்குக் காவல் நின்றார்கள். ரதம் இன்னும் வரவில்லை. தூரத்தில் உறுமி மட்டும் கேட்டது. ஜெலுத்தோங் அங்காடிக்காரர்களின் தண்ணீர்ப் பந்தல் வழக்கமான இடத்தில்தான் இருந்தது. மோரும் பானகமும் கொடுத்தார்கள். சுண்டலைக் கரி அடுப்பில் அவித்திருந்தார்கள். அதைப் பற்றியும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

புவனேஸ்வரன் வேட்டி கட்டி வந்தான். கூட அவன் செயலாளர் இல்ஹாம், போலீஸ்காரர் இருவர், கேமராக்காரர்கள். பந்தலில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். மோர் கொடுத்தார்கள். "குடிங்க ஒய்பி, வெயிலு," என்றான் சுகுமாரன். மாண்புமிகு என்கிற அந்த மரியாதையைப் பார்க்க ஜெயலெட்சுமிக்கு உடம்பு கூசியது. தம்பியின் கையைப் பிடித்துப் பந்தலின் பின்பக்கம், மோர்ப் பானைகள் இருந்த இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"கோவமாக்கா?"

"ஒன்னே ஒன்னு சொல்லு. அன்னிக்கு என்கிட்ட பேசினப்ப ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?"

அவன் மோர்க் குவளையைப் பார்த்தான். "தெரியும்."

"தெரிஞ்சிதான் ஒன்னும் ஆவாதுன்னியா?"

"பட்ஜெட்ல உள்ளத முன்னாலயே சொன்னா பெரிய குத்தம்க்கா. பதவி போயிரும். அதோட போச்சா, வெளிய தெரிஞ்சா பெரிய பெரிய கடைக்காரன் எல்லாம் தோம்ப வாங்கிப் பதுக்கிடுவான். அப்பவும் கஷ்டம் ஒங்களுக்குத்தான்."

"நீ சொல்ல வேணாம்டா. கேக்காதக்கான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? நான் வாய மூடிட்டு இருந்திருப்பேன்ல?"

"கேக்காதன்னு சொன்னாலே நீ புரிஞ்சிக்குவ. சந்து முழுக்கப் புரிஞ்சிக்கும். ஸ்பீக்கர்ல."

"ஸ்பீக்கர்னு ஒனக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியாதாக்கா? ஒன் கை எப்ப மாவுல இல்லாம இருந்திச்சி?"

உறுமிச் சத்தம் கிட்டே வந்துகொண்டிருந்தது. அவன் குரலைத் தாழ்த்தினான். "மறுநாள் இல்ஹாம் வந்து சொன்னாரு, ஜெலுத்தோங்ல பேனரத் திருப்பிக் கட்டிட்டாங்கன்னு. எனக்கு... நிம்மதியா இருந்திச்சிக்கா. அதான் நெசம். அந்த நிம்மதிய நெனச்சாத்தான் ஒனக்குப் போன் போட கை வரல."

இத்தனை படித்தவனிடம் அவள் எதிர்பார்த்திருந்த சமாதானங்கள் பல. இது அதில் இல்லை.

"சரி. போனது போவட்டும். அவங்ககிட்ட சொல்லிடு, நீதான் அப்படிச் சொன்னேன்னு. நான் அவங்க மூஞ்சில முழிக்கணும்டா. எனக்கு அந்தச் சந்துதான்."

"சொல்றேன்க்கா. கண்டிப்பா சொல்றேன்."

அவர்கள் முன்பக்கம் வந்தபோது வெள்ளி ரதத்தின் உச்சி தெரிய ஆரம்பித்திருந்தது. கேமராக்கள் தேங்காய்க் குவியலுக்கு நேராகத் திரும்பின. சுகுமாரன் அவனை மறித்து நின்றான். கோபமாக இல்லை, கையைக் கட்டிக்கொண்டுதான் கேட்டான்.

"ஒய்பி, ஒரே கேள்வி. பட்ஜெட்டுக்கு முன்னால, ஒன்னும் ஆவாதுன்னு நீங்க அக்காகிட்ட சொன்னீங்களாமே. அத நம்பித்தான் நாங்க போவாம இருந்திட்டோம். சொன்னீங்களா?"

நூர் ஃபாத்திஹா என்ற இளம் நிருபர், தமிழ் தெரியாதவள், பக்கத்தில் இருந்தவரிடம் அர்த்தம் கேட்டாள். கேட்டதும் ஒலிவாங்கியை நீட்டிக்கொண்டு முன்னால் வந்தாள். மற்றவர்களும் வந்தார்கள்.

"அதாவது," என்றான் புவனேஸ்வரன், "இந்த மானியச் சீர்திருத்தம் வந்து, உண்மையிலேயே தேவைப்படுறவங்களுக்கு..."

"அது இல்ல ஒய்பி. சொன்னீங்களா இல்லயா?"

ஆமாம் என்றால் அமைச்சர் பொய் சொல்லியிருக்கிறார். இல்லை என்றால் அக்கா பொய் சொல்லியிருக்கிறாள். புவனேஸ்வரன் ஒலிவாங்கியைப் பார்த்தான். திரும்பி ஜெயலெட்சுமியைப் பார்த்தான். கழுத்தை உள்ளுக்கு இழுத்துக்கொண்டு, கண் மட்டும் மேலே தூக்கி.

மூன்று மாதமாக அவள் இந்த இடத்துக்குத்தான் காத்திருந்தாள், செல்லங்களா. வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். அவன் சொல்லியிருப்பானோ என்னவோ. ஆனால் அந்தப் பார்வையைக் கண்டதும் அவள் வாய் அவளைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"தம்பி ஒன்னும் சொல்லல சுகுமாரா," என்றாள். "நான்தான் பெருமைக்குச் சொன்னேன். மந்திரி அக்கான்னு கூப்பிட்டீங்கள்ல. அந்தப் பெருமைக்கு."

சுகுமாரன் அவளை ஏறிட்டுப் பார்த்தான். பிறகு கட்டியிருந்த கையை எடுத்துவிட்டு வழி விட்டான். "சரிக்கா," என்றான்.

'இல்லை, நான்தான் சொன்னேன்' என்று புவனேஸ்வரன் அப்போதும் சொல்லியிருக்கலாம். அக்கா பேசியதற்கும் உறுமி பந்தலுக்கு நேரே வந்ததற்கும் நடுவில் அதற்கு நேரம் இருந்தது. அவன் உதடு அசைந்தது. இல்ஹாம் அவன் முழங்கையைத் தொட்டு, "டத்தோ, ரதம்," என்றார். அவன் குனிந்து ஒரு தேங்காயை எடுத்தான். ரோடு முழுக்க வெடிச் சத்தம் மாதிரி தேங்காய்கள் சிதறின. இளநீர் எல்லோர் காலையும் நனைத்துக்கொண்டு ஓடியது. அம்மாவின் வேண்டுதல் குறைவில்லாமல் நிறைவேறியது. ஜெயலெட்சுமி ரதத்தை நோக்கிக் கைகூப்பினாள். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

*

தைப்பூசம் முடிந்து சந்து திறந்த காலை. காமாரியா கரி அடுப்பை விசிறிக்கொண்டிருந்தாள். அவள் பந்தலுக்கு வருகிறவள் இல்லை. ஆனால் அந்த வீடியோ எல்லார் கைப்பேசியிலும் ஓடியிருந்தது. ஜெயலெட்சுமி தலை நிமிராமல் தேங்காய்ப் பாலை மாவில் ஊற்றிக் கலக்கினாள். சுகுமாரன் வடை தட்டிக்கொண்டிருந்தான். அவன் கூரையைப் புது நீலத் துணிக்கு மாற்றியிருந்தான்.

காமாரியா எப்போதும் போல ஒரு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தாள். போகாமல் நின்றாள்.

"காக். நான்தானே அன்னிக்கு ஸ்பீக்கர் போட்டேன்."

ஜெயலெட்சுமி மாவைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

"என்கிட்டயும் சொன்னாருலா. மலாய்ல சொன்னாரு."

ஜெயலெட்சுமியின் கை நின்றது. காமாரியாவின் கண் சிவந்து நீர் கட்டியிருந்தது. புகைதான். இவளிடம் மன்னிப்புக் கேட்பதென்றால் எந்தப் பொய்க்கு என்று கேட்பது? சிற்றுண்டிச்சாலையைத் தட்டிவிட்ட பொய்க்கா, ரோட்டில் சொன்ன பொய்க்கா?

"காமாரியா..." என்று ஆரம்பித்தாள்.

"நான் ஒன்னும் கேக்கலலா," என்றாள் காமாரியா. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, நல்ல தெளிவான தமிழில், "எனக்குத் தமிழ் தெரியாது," என்று சொல்லிவிட்டு அடுப்புக்குப் போனாள்.

முதல் சட்டியில் மாவு ஊற்றிய நேரத்தில் கைப்பேசி அடித்தது. திரையில் தம்பியின் படம். அம்மா மடியில் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது எடுத்தது.

காமாரியா பழக்கத்தில் விரலைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டாள். கைப்பேசிக்கு மேலே விரல் நின்றது. "போடட்டுமா காக்?"

வடைக்கடையில் கரண்டிச் சத்தம் நின்றிருந்தது. சந்தில் எல்லோரும் கேட்காத மாதிரி வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜெயலெட்சுமி இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். மணிக்கட்டு வரைக்கும் மாவு. "வேணாம்," என்றாள்.

காமாரியா விரலை மடக்கிக்கொண்டு போனாள். கைப்பேசி முட்டைத் தட்டின்மேல் அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. மூடியின் கீழே ஆப்பம் கருகுகிற வாசனை வந்த பிறகுதான் அவள் சட்டியைத் தூக்கினாள். அதை யாருக்கும் கொடுக்காமல் தனக்கென்று எடுத்து வைத்துவிட்டு, அடுத்ததற்கு மாவை ஊற்றினாள்.